ஜெர்மனியில் ஓவியம் படிக்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு ஜெர்மனியைப் பற்றி விசாரிக்கிறார்கள். லண்டன், நியூயார்க் கல்லூரிகளின் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப் போனவர்களுக்கு, 'ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது' என்ற பேச்சு ஆறுதலாக இருக்கிறது. அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை இல்லை. மாணவர்களும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

நிஜமாகவே ஃபீஸ் கிடையாதா?

பெரும்பாலான அரசுக் கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது பொருந்தும். செமஸ்டருக்கு ஒருமுறை நிர்வாகச் செலவு, மாணவர் நலநிதி, பேருந்து - ரயில் பாஸ் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இது சில நூறு யூரோவைத் தாண்டாது.

விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூயே கலைக் கல்லூரிகள் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மற்ற மாநிலங்களிலும் விதி மாறலாம். எனவே சென்ற ஆண்டு போன சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல், கல்லூரியின் இணையதளத்தை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் இவ்வளவு பணம் காட்டச் சொல்வது எதற்கு?

படிப்புக்குப் பணம் கேட்கவில்லை என்றாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்களிடம் பணம் இருப்பதை விசா அதிகாரி உறுதி செய்துகொள்வார். மாணவர் பெயரில் பிளாக்டு அக்கவுண்ட் ஒன்று திறந்து, அதில் ஒரு வருடச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தாலே 12 லட்சம் ரூபாய் ஆகிறது. ஜெர்மனிக்குப் போன பிறகு அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இந்தப் பணம் யாருக்கும் கட்டணமாகப் போவதில்லை, மாணவருடைய சொந்தப் பணமாகவே இருக்கிறது. ஆனாலும் அதை மொத்தமாகத் திரட்டும் இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

கல்விக் கடனில் ஓவியத்துக்கு வங்கிகள் தயக்கம் காட்டும் என்பதை மறைப்பதில் பயனில்லை. படித்து முடித்ததும் என்ன சம்பளம் வரும் என்ற கேள்விக்கு ஒரு ஓவியர் சொல்லும் பதில் எந்த மேலாளரையும் திருப்திப்படுத்தாது. வீட்டுப் பத்திரம் வைக்காமல் பெரிய தொகை கிடைப்பது கடினம். பட்டம் முடித்தவர்கள் டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நுண்கலை, வடிவமைப்பு, திரைப்படம் ஆகியவற்றுக்கென்றே அதில் தனிப் பிரிவு இருக்கிறது. போட்டி கடுமைதான். இருந்தாலும் கல்லூரிக்கு அனுப்பத் தயாரித்த படைப்புகளையே இதற்கும் அனுப்பலாம் என்பதால், முயன்று பார்க்காமல் விடுவது சரியல்ல.

என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். நேராக அங்கேயே சேர்க்கலாமா?

நம் ப்ளஸ் டூ சான்றை மட்டும் வைத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக நேரடியாகச் சேர்ப்பதில்லை. ஒரு வருட ஆயத்தப் படிப்பு முடித்து, அதன் தேர்விலும் தேற வேண்டும். கலைக் கல்லூரிகள் திறன்தேர்வுக்கே முதலிடம் தருகின்றன. அபாரமான திறமை இருப்பதாகத் தேர்வுக் குழு கருதினால் பள்ளிச் சான்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு.

இருந்தாலும் எங்கள் யோசனை, இங்கேயே நான்கு வருட பி.எஃப்.ஏ. முடித்துவிட்டுப் போவதுதான். கை பழகியிருக்கும், வயதும் கொஞ்சம் ஏறியிருக்கும். அங்கே படிக்கும் முறையைத் தாங்கிக்கொள்ள இரண்டும் வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இந்தியாவில் படித்தவர்கள் விசாவுக்கு முன் ஏ.பி.எஸ். சான்று பெற வேண்டும். 2022 நவம்பரில் வந்த விதி இது. டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தின் கீழ் இயங்கும் அந்த அலுவலகம் உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தருகிறது. கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் வாங்கத் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்க வேண்டும்?

ஜெர்மன் கலைக் கல்லூரிகள் இதை மாப்பே என்கின்றன. பெரும்பாலும் இருபது முப்பது படைப்புகள் வரை கேட்பார்கள். கணினி வழியே அனுப்பச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு, அசலையே கேட்கும் கல்லூரிகளும் உண்டு. முதல் கட்டத்தில் இதைப் பார்த்தே பெரும்பகுதியினரைக் கழித்துவிடுவார்கள். தேறியவர்களை நேர்காணலுக்கோ, அங்கேயே உட்கார்ந்து வரையும் தேர்வுக்கோ அழைப்பார்கள்.

நம் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. புகைப்படத்தைப் பார்த்து மயிரிழை பிசகாமல் வரைந்த முதியவர் முகம், காந்தி, கோயில் யானை, பரதநாட்டியப் பாவை என்று பத்து ஃப்ரேம் தயாரித்து அனுப்புகிறார்கள். ஊர்ப் போட்டியில் பரிசு வாங்கித் தந்த படங்களாகவும் அவை இருக்கும். தேர்வுக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் அந்தக் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். இந்த ஆள் எதைப் பார்க்கிறார், எதைத் திரும்பத் திரும்பத் துரத்துகிறார், ஒரு யோசனை அவர் கையில் எப்படி வளர்ந்தது என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். ஸ்கெட்ச் புத்தகத்தின் பக்கங்கள், பாதியில் விட்ட முயற்சி, ஒரே பொருளை ஏழெட்டு விதமாக அணுகிய வரிசை, மோசமான கேமராவில் எடுத்த சின்ன வீடியோ எல்லாவற்றையும் தைரியமாக வைக்கலாம். உங்கள் தெருவின் சுவர் விளம்பர ஓவியர், அம்மாவின் தையல் மெஷின், மீன்பிடித் துறைமுகத்தின் வலை என உங்களை நிஜமாகவே பிடித்து ஆட்டும் விஷயம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். இந்தியத்தன்மை வேண்டும் என்று யானையை வரையத் தேவையில்லை.

விண்ணப்பிக்கும் முன் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து ஆலோசனை சொல்லும் நாட்களை அநேகக் கல்லூரிகள் அறிவிக்கின்றன. இது இலவசம், சில இடங்களில் ஆன்லைனிலும் நடக்கிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

இடம் கிடைக்காமல் போனால் வருந்த வேண்டாம். அங்கேயே வளர்ந்தவர்களிலும் பலருக்கு இரண்டாவது, மூன்றாவது முறையில்தான் இடம் கிடைக்கிறது. டுஸ்ஸெல்டார்ஃப் கலைக் கல்லூரியில் 1961 முதல் பேராசிரியராக இருந்த யோசஃப் பாய்ஸ், நிராகரிக்கப்பட்ட மாணவர்கள் எல்லோரையும் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்வேன் என்று அடம்பிடித்தார். அவர்களுடன் சேர்ந்து அலுவலகத்தையே ஆக்கிரமித்து உட்கார்ந்துகொண்டார். 1972-ல் அவரை வேலையை விட்டே நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். நீக்கியது செல்லாது என்ற தீர்ப்பு 1978-ல்தான் வந்தது. இன்று அப்படி ஒரு பேராசிரியர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அங்கே சிலபஸே கிடையாது என்கிறார்களே, பிறகு என்ன படிப்பு அது?

எங்களுக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். பணம், விசா பற்றி விசாரிப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் ஸ்டில் லைஃப், மாடல், காம்போசிஷன், பிரிண்ட் மேக்கிங் என்று பாடம் பிரித்திருக்கிறது. இன்றைக்கு இது, வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வார், திருத்துவார், மதிப்பெண் போடுவார். ஜெர்மன் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இப்படி இயங்குவதில்லை. முதல் ஒன்றிரண்டு செமஸ்டர் அறிமுக வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு பேராசிரியரின் வகுப்பில் நீங்கள் சேர வேண்டும். உங்கள் வேலைகளை எடுத்துப்போய்க் காட்டி, அவர் சம்மதித்தால்தான் இடம். முதல் வருடத்துக்காரரும் கடைசி வருடத்துக்காரரும் ஒரே ஸ்டூடியோவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். பேராசிரியர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் செய்த வேலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வரைவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இதை ஏன் செய்தாய், இவ்வளவு பெரிதாக ஏன், ஏன் பெயின்ட், இதே விஷயத்தை ஒலியில் செய்தால் என்ன என்று கேள்விகளாக வரும்.

மறுநாள் காலை என்ன செய்வது என்று சொல்லவும் ஆள் இல்லை. இதற்குப் பழகாதவர் முதல் செமஸ்டரில் திணறிப்போவார். 'இங்கே யாரும் எதுவும் கற்றுத் தருவதில்லை' என்று வீட்டுக்கு போன் வரும்போது, பெற்றோர் பிள்ளை ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த ஊர் வழக்கமே அது. தொழில்நுட்பம் கற்க மரம், உலோகம், அச்சு, செராமிக், புகைப்படம், வீடியோ என்று தனித்தனிப் பட்டறைகள் இருக்கின்றன. அங்குள்ள பட்டறைப் பொறுப்பாளர்களிடம் நட்பாக இருங்கள். வார்ப்பு முதல் லித்தோகிராஃபி வரை கேட்டால் கற்றுத் தருவார்கள், கேட்காவிட்டால் தேடி வர மாட்டார்கள். மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர்களுக்கு அந்தப் பட்டறைகளில் நல்ல மதிப்பு இருக்கிறது. கல்லைக் கையாளத் தெரிந்த இளைஞர்கள் அங்கே குறைவு.

இதனால்தான் நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்கிறோம். 1976-ல் பெர்ன்ட் பெக்கர் டுஸ்ஸெல்டார்ஃபில் புகைப்பட வகுப்பு தொடங்கினார். பின்னாளில் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர்களான ஆந்த்ரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், தாமஸ் ரூஃப், காண்டிடா ஹோஃபர் எல்லோரும் அந்த ஒரே வகுப்பிலிருந்து வந்தவர்கள். உருவ ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் லைப்சிக், கண்ணாடி, ஜவுளி, மட்பாண்டம் போன்ற கைவினைகளில் ஆர்வம் இருந்தால் ஹாலே நகரின் புர்க் கீபிகென்ஷ்டைன், பொதுவெளிக் கலை என்றால் வைமர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கல்லூரிகளும் ஸ்டூடியோக் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். ருண்ட்காங் என்று பெயர். எந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கல்லூரிகள் வெளியிடும் அந்நாட்களின் படங்களைப் பாருங்கள்.

நான்கு வருட பி.எஃப்.ஏ. முடித்தவர் முதுகலையில் சேரலாம் என்று எண்ணிப் போவார். ஆனால் பல கலைக் கல்லூரிகளில் இளங்கலை, முதுகலை என்ற பிரிவே இல்லை. பத்து செமஸ்டர் கொண்ட ஒரே படிப்பாக இருக்கும். முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நடுவில் சேர்ப்பார்கள். முடிவில் கிடைக்கும் பட்டத்தை வைத்து இங்கே கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வர விரும்பினால் சமநிலைச் சான்று தேவைப்படும். அதையும் போகும்போதே விசாரித்துவிடுங்கள்.

ஜெர்மன் மொழி தெரிந்தே ஆக வேண்டுமா?

தெரிந்திருக்க வேண்டும். ஃபிராங்ஃபர்ட்டின் ஷ்டேடல்ஷூலே போன்ற ஒருசில இடங்களில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் தனிப்பட்ட முதுகலைப் படிப்புகளும் உண்டு. மற்ற இடங்களில் பி-1 முதல் சி-1 வரையிலான மொழித் தேர்ச்சி நிலையைக் கேட்பார்கள். மேலே சொன்ன வட்டப் பேச்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் படிப்பில் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோதே நிறுவனத்திலேயே அடிப்படையை முடித்துவிடுங்கள். ஜெர்மனிக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை.

ஏஜென்ட் மூலம் போகலாமா?

அரசுக் கலைக் கல்லூரியில் சேர ஏஜென்ட் தேவையில்லை. அவர் கமிஷன் பெறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அதனால்தான் கன்சல்டன்சிக்காரர்கள் பெர்லினில் இருக்கும் தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளை அதிகம் சிபாரிசு செய்கிறார்கள். வருடத்துக்கு பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் கட்டணங்கள் அவற்றில் சகஜம். எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் 'ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை' என்று ஆரம்பித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நியாயமில்லை. ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற இணையதளத்தை ஜெர்மன் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. கல்லூரி அரசுடையதா, தனியாருடையதா என்று அதில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெயின்ட், தின்னர் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோகலாமா?

டர்பன்டைன், தின்னர், வார்னிஷ், ஸ்ப்ரே ஃபிக்சேடிவ் எதையும் விமானத்தில் எடுத்துப்போக முடியாது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆயில் பெயின்ட் ட்யூபுகளுக்கு விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பிரஷ், கத்தி, உங்கள் கைக்குப் பழகிய உளி இவற்றைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாம். கான்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்துப்போங்கள். மற்றதை அங்கே மாணவர் விலையில் வாங்கலாம்.

போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வீடு பார்க்க வேண்டும். பெரிய நகரங்களில் மாணவர் விடுதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வாடகை விளம்பரத்தில் ஹீட்டிங், தண்ணீர் சேராத தொகை ஒன்றும், எல்லாம் சேர்ந்த தொகை ஒன்றும் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். அட்வான்ஸாக ஹீட்டிங் சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுபவர் நூற்றுக்கு நூறு ஏமாற்றுக்காரர்.

வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். முகவரிப் பதிவு இல்லாமல் வங்கி, விசா நீட்டிப்பு எதுவும் நகராது. பதிய அனுமதிக்காத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம். மாணவர்களுக்கான சலுகைக் கட்டணம் 30 வயது வரைதான் கிடைக்கும். இங்கே சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த சில வாரத்தில் ரேடியோ - டி.வி. கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான், அறைத்தோழர்களுடன் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பகுதி நேர வேலை பார்க்கலாமா? ஓவியத்தை விற்கலாமா?

வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. இது 2024 மார்ச்சில் உயர்ந்த வரம்பு. ஓவிய மாணவர்களுக்கு அருங்காட்சியகக் காவலர், கண்காட்சியில் படம் மாட்டும் வேலை, உணவகம் என்று ஏதாவது கிடைக்கும்.

சொந்த ஓவியத்தை விற்பது சட்டப்படி சுயதொழில். மாணவர் விசாவில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் ருண்ட்காங் நாளில் படத்தை விற்று, பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் விசா நீட்டிக்கும்போது பதில் சொல்லத் திணற வேண்டாம். வெளிநாட்டினர் அலுவலகத்தில் முதலிலேயே எழுத்து மூலம் கேட்டால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

சாப்பாடு, குளிர், தனிமை... பிள்ளை தாங்குவானா?

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 1980-களிலிருந்தே இலங்கைத் தமிழர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். பெரிய நகரங்களில் அவர்களுடைய கடைகளில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியாப்ப மா எல்லாம் கிடைக்கின்றன. ஹம் நகரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. கோடையில் நடக்கும் அதன் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கூட்டம் வரும். டுஸ்ஸெல்டார்ஃபில் படிக்கும் பிள்ளை அதே மாநிலத்தில் ரயிலில் போய் வந்துவிடலாம்.

குளிரை விடச் சிரமம் தருவது வெளிச்சக் குறைவு. டிசம்பரில் சூரியன் மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். சென்னை வெயிலில் வண்ணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சாம்பல் நிறம் மனதையும் அழுத்தும். ஸ்டூடியோவில் நல்ல விளக்கு இருக்கும், தினமும் அங்கே போய்விடுவது நல்ல மருந்து. மனம் மிகவும் சோர்ந்தால் மாணவர் நலச் சேவையில் உளவியல் ஆலோசனை கிடைக்கும். அதை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், துளையிடும் மெஷினை அன்று எடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காலி பாட்டிலைக் கடையில் திருப்பித் தந்தால் 25 சென்ட் வரை கிடைக்கும். இந்த மாதிரி விஷயங்கள் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

படித்து முடித்தபின் அங்கேயே இருக்க முடியுமா? இது சோறு போடுமா?

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். சுயதொழில் செய்யும் கலைஞராகத் தங்க விசா பெறவும் வழி உண்டு. அதற்கு வருமானத்துக்கான ஆதாரம், நீங்கள் வேலை செய்யும் காலரிகளின் கடிதங்கள் போன்றவை கேட்பார்கள். ஜெர்மனியில் கலைஞர்களுக்கென்று 1983 முதல் ஒரு சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதில் சேரும் ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர் ஆகியோரின் மருத்துவ, ஓய்வூதியச் சந்தாவில் பாதியை அவர்கள் கட்டினால் போதும், மீதியை அந்த நிதி கட்டும். வருடத்துக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலையில் சம்பாதிக்க வேண்டும் என்பது விதி. தொழிலைத் தொடங்கும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அந்த வரம்பும் இல்லை. இப்படி ஒன்று நம் ஊரில் இல்லையே என்று ஏங்கத்தான் வேண்டும்.

அதனால் ஓவியம் மட்டுமே சோறு போடும் என்று சொல்லிவிட முடியாது. அங்கே பட்டம் வாங்கியவர்களிலும் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டு வரைகிறார்கள். திரும்பி வருவதும் தோல்வியில்லை. சோழமண்டல ஓவியர் சி. டக்ளஸ் 1980-களில் சில வருடங்கள் ஜெர்மனியில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். அதன்பின் அவருடைய வேலைகள் இன்னும் கவனம் பெற்றன.

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. பல கல்லூரிகள் விண்ணப்பங்களை அந்த வருடத் தொடக்க மாதங்களிலேயே வாங்கி முடித்துவிடும். எனவே இந்த வருடம் நினைத்து இந்த வருடமே போக முடியாது. குறைந்தது ஒன்றரை வருடம் கையில் வைத்துக்கொண்டு மொழி வகுப்பையும் ஏ.பி.எஸ். வேலையையும் முதலில் தொடங்குங்கள். யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் சேர விரும்பும் வகுப்பின் பேராசிரியர் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இன்னும் தெரியவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.